பந்தயத்துக்கும் ஓடும், படுத்துத் தூங்கவும் இடம் உண்டு: கேப்டன் நேட் ஹெரெஷாஃப் படகு கட்டிய கதை

பகலில் பந்தயம் ஓட்ட வேண்டும். ராத்திரி அதே படகில் அடுப்பு மூட்டி, சாப்பிட்டு, கால் நீட்டித் தூங்க வேண்டும். பாய்மரப் படகு வாங்குகிற பலருக்கும் இருக்கிற ஆசை இது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இந்த ரகப் படகுகளுக்கு இன்று பர்ஃபாமன்ஸ் க்ரூஸர் என்று பெயர் வைத்து விற்கிறார்கள்.

கேட்கிறவருக்குச் சின்ன ஆசைதான். கட்டுகிறவருக்குத்தான் தலைவலி. ஏன்னா, பந்தயப் படகுக்கு எடைதான் எதிரி. உள்ளே ஒரு பலகைகூடக் கூடுதலாக இருக்கக் கூடாது. மேலே பாய் மட்டும் எவ்வளவு பெரிதாகக் கட்ட முடியுமோ அவ்வளவு பெரிதாக வேண்டும். குடும்பத்தோடு நாலு நாள் போய்வருகிற படகுக்கோ தண்ணீர்த் தொட்டி, கட்டில், சமையல் சாமான், நங்கூரச் சங்கிலி எல்லாம் வேண்டும். திடீரென்று காற்று ஏறினால் இரண்டு பேர் சேர்ந்து அடக்கிவிடுகிற அளவில் பாய் இருக்க வேண்டும். ஒன்றுக்கு நல்லது இன்னொன்றுக்கு ஆகாது.

இந்தச் சிக்கலை 120 வருஷத்துக்கு முன்பே கையில் எடுத்து, படகாகவும் விதியாகவும் விடை சொன்னவர் நத்தானியேல் கிரீன் ஹெரெஷாஃப். ஊரார் அவரை கேப்டன் நேட் என்றார்கள். பத்திரிகைகள் பிரிஸ்டல் மந்திரவாதி என்றன. விசித்திரம் என்னவென்றால், பந்தயத்தைத் தவிர வேறு எதற்குமே உதவாத ஒரு ராட்சதப் படகைக் கட்டியவரும் இதே மனிதர்தான். அந்த இரண்டும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் நடந்தன.

பார்வையில்லாத அண்ணன், கண்ணாக நின்ற தம்பி

அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில், நாரகான்செட் விரிகுடாக் கரையில் இருக்கும் சிற்றூர் பிரிஸ்டல். அங்கே 1848 மார்ச் 18-ல் நேட் பிறந்தார். ஒன்பது பிள்ளைகள் கொண்ட வீடு. அப்பா சார்லஸுக்குப் படகு என்றால் உயிர். ஆனால் அந்தக் குடும்பத்தை ஒரு துயரம் தொடர்ந்து வந்தது: பிள்ளைகளில் பலருக்குப் பார்வை பறிபோனது.

நேட்டைவிட ஏழு வயது மூத்தவர் ஜான். அவருக்கு சுமார் 15 வயதுக்குள் இரண்டு கண்ணும் முழுசாகப் போய்விட்டன. அதோடு முடங்கிப் போகிற ஆளாக ஜான் இல்லை. விரல்களால் தடவித் தடவியே மரம் இழைத்தார், படகு கட்டினார், பாய்மரப் படகில் போய்க் காற்றைக் காதாலும் கன்னத்தாலும் உணர்ந்தார். அவருக்குக் கண்ணாக இருக்கும் வேலை வீட்டில் சின்னவனான நேட்டுக்கு வந்தது. சுக்கான் பிடிப்பது, அளவு எடுப்பது, வரைபடத்தைப் படித்துச் சொல்வது எல்லாமே தம்பிதான். 1860-ல் அப்பாவும் ஜானும் 20 அடியில் ஸ்பிரைட் என்ற படகைக் கட்டியபோது 12 வயது நேட்டும் கூட நின்றான்.

பின்னாளில் இந்த இருவரின் கம்பெனி ஓடிய விதத்துக்கு இந்தப் பிள்ளைப்பருவம்தான் விதை. நேட் படகை வடிவமைப்பதற்குக் காகிதத்தில் கோடு போட்டுத் தொடங்க மாட்டார். பைன் மரத்துண்டு ஒன்றை எடுத்து, படகை நெடுக்காகப் பிளந்தால் கிடைக்கும் ஒரு பாதியைச் சிறிய அளவில் செதுக்குவார். அதைக் கண்ணால் பார்ப்பதைவிடக் கையால் தடவிப் பார்ப்பதே அந்த வீட்டுப் பழக்கம். செதுக்கி முடித்த மாதிரியை ஜானின் கையில் கொடுப்பார்கள். வளைவு எங்கே தட்டையாகிறது, எங்கே தூக்கிக்கொண்டு நிற்கிறது என்று அவர் விரல் சொல்லிவிடும். அதன்பிறகே அந்த மாதிரியிலிருந்து அளவுகளை எடுத்து, பெருக்கி, தச்சர்களுக்குக் கொடுப்பது. இத்தனை மரம், இத்தனை உலோகம், இத்தனை நாள் கூலி, ஆக இந்த விலை என்று மனக்கணக்கிலேயே போட்டுவிடுவதும் ஜான்தான். தம்பிக்கு வியாபாரம் வராது, பேச்சும் குறைவு. அண்ணன் இல்லாவிட்டால் தம்பி யாரோ ஒரு தொழிற்சாலையில் சம்பளத்துக்கு வேலை பார்த்துவிட்டுப் போயிருப்பார் என்று தாராளமாகச் சொல்லலாம்.

உண்மையில் கொஞ்சக் காலம் அதைத்தான் செய்தார். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மூன்று வருஷம் படித்துவிட்டு, 1869-ல் பிராவிடன்ஸ் நகரில் கார்லிஸ் நீராவி எந்திரக் கம்பெனியில் சேர்ந்தார். 1876-ல் பிலடெல்பியாவில் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சியில் எல்லாரும் வாய் பிளந்து பார்த்த 1,400 குதிரைத்திறன் கொண்ட கார்லிஸ் எந்திரத்தை இயக்கும் பொறுப்பு அவரிடம் இருந்தது.

ஜெயித்த படகுக்குத் தடை

அதே 1876-ல்தான் பந்தய விதிகளோடு அவருக்கு முதல் மோதல். இரண்டு ஒல்லியான உடல்களை இணைத்து அமரில்லிஸ் என்ற படகைக் கட்டி, நியூயார்க் பந்தயத்துக்குக் கொண்டுபோனார். இரட்டை உடல் படகு என்பது நமக்குப் புதுசு இல்லை. கட்டுமரம் என்ற நம் சொல்தான் ஆங்கிலத்தில் கேட்டமரான் ஆகி, பிறகு இந்த இரட்டைப் படகுக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது. ஆனால் நம் கட்டுமரம் மரங்களைச் சேர்த்துக் கட்டியது. நேட்டினுடையது நடுவில் தண்ணீர் ஓடும் இரட்டைப் படகு. பெயர்தான் ஒன்று, பொருள் வேறு.

அமரில்லிஸ் மற்ற எல்லாப் படகுகளையும் தூக்கிச் சாப்பிட்டது. தோற்றவர்கள் புகார் கொடுத்தார்கள். இது படகே இல்லை என்ற ரீதியில் வெற்றியை ரத்து செய்து, இந்த ரகத்தையே பந்தயத்திலிருந்து விலக்கினார்கள். நேட் அடுத்த வருஷம் அதற்குக் காப்புரிமை வாங்கினார். ஆனாலும் அமெரிக்காவில் இரட்டை உடல் படகுகள் திரும்பத் தலையெடுக்க ரொம்பக் காலம் ஆனது. எது வேகமானது என்று கடல் முடிவு செய்வதில்லை, விதிப் புத்தகம்தான் முடிவு செய்கிறது. 28 வயதில் இது அவருக்குப் பட்டுத் தெரிந்தது.

1878-ல் அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஹெரெஷாஃப் மேனுஃபேக்சரிங் கம்பெனியைத் தொடங்கினார்கள். முதல் பத்துப் பன்னிரண்டு வருஷம் நீராவிப் படகுதான் முக்கிய வருமானம். 1885-ல் 94 அடி நீள ஸ்டிலெட்டோ, ஹட்சன் நதியில் வேகத்துக்குப் பேர்போன மேரி பவல் என்ற பயணிகள் கப்பலை முந்திக் காட்டியது. அதை அமெரிக்கக் கடற்படையே வாங்கிக்கொண்டது. கடற்படையின் குஷிங் என்ற டார்பிடோ படகும் இவர்களுடைய பட்டறையில் பிறந்ததுதான்.

1888-ல் ஒரு கறை விழுந்தது. ஸே வென் என்ற நீராவிப் படகின் வேக ஓட்டத்தில் நேட் கூடவே இருந்தார். கொதிகலனில் அழுத்தம் மிஞ்சி, பாதுகாப்பு வால்வு திறந்துகொண்டது. வாக்குக் கொடுத்த வேகத்தைத் தொட வேண்டும் என்பதற்காக அந்த வால்வை மூடினார். கொதிகலன் வெடித்தது. தொழிலாளி ஒருவர் உயிர் போனது. நீராவி எந்திரப் பொறியாளர் உரிமத்தை நேட்டிடமிருந்து பறித்தார்கள். அவருடைய வாழ்க்கையைச் சொல்கிறவர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிப் போவது வழக்கம். அப்படித் தாண்டிப் போகக் கூடாது. அழுத்தத்தைப் படிக்கத் தெரிந்த, கார்லிஸ் எந்திரத்தையே கையாண்ட ஒருவர், ஒரு சில நிமிட வேகத்துக்காகச் செய்த காரியம் அது.

அளவுகோலை ஏமாற்றும் கலை

அதன்பின் மூன்று வருஷத்தில் அவர் பெயர் பாய்மரப் படகோடு ஒட்டிக்கொண்டது. 1891-ல் கட்டிய குளோரியானா போட்டியிட்ட எட்டுப் பந்தயத்திலும் ஜெயித்தது. அது ஏன் ஜெயித்தது என்று புரிந்துகொண்டால், பின்னால் வருகிற கதை முழுக்கப் புரிந்துவிடும்.

தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகிற படகு தன் முன்னும் பின்னும் ஒரு அலையை எழுப்பிக்கொள்கிறது. அந்த அலைக்குள்தான் அது ஓட முடியும். நீரில் படிந்திருக்கும் நீளம் எவ்வளவு அதிகமோ, அந்த அலையும் அவ்வளவு நீளம்; உச்ச வேகமும் அவ்வளவு அதிகம். ஆகவே நீளப் படகு சின்னப் படகை எளிதாக முந்தும். இதைச் சமன் செய்யத்தான் அளவு விதி. ஒவ்வொரு படகுக்கும் ஒரு மதிப்பெண் போட்டு, பெரிய படகு சின்னப் படகுக்கு இத்தனை நிமிடம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று கணக்கு வைத்திருந்தார்கள். அந்த நேரக் கணக்கு அட்டவணை போடுவதில் மாணவப் பருவத்திலேயே நேட் கை தேர்ந்தவர்.

அன்றைய விதி இரண்டைத்தான் அளந்தது: நீர்க்கோட்டு நீளம், பாய்ப் பரப்பு. நீர்க்கோட்டை எப்போது அளப்பார்கள்? படகு அசையாமல் நிமிர்ந்து நிற்கும்போது. அங்கேதான் ஓட்டை. குளோரியானாவின் நீர்க்கோடு சுமார் 45 அடிதான். ஆனால் முன்னும் பின்னும் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு மொத்த நீளம் சுமார் 70 அடி. காற்று அடித்துப் படகு சாய்ந்ததும் அந்த நீட்டல்களும் நீரில் படியும். அளக்கும்போது குட்டை, ஓடும்போது நெட்டை! போதாததற்கு, படகின் அடிமுனையை, அதாவது அணியத்துக்குக் கீழே தண்ணீரைக் கிழிக்கும் பகுதியை, வெட்டிக் குறைத்து உராய்வையும் குறைத்திருந்தார். அதே வருஷம் டைலெம்மா என்ற படகில், உடலுக்குக் கீழே மெல்லிய தகடு ஒன்றை இறக்கி, அதன் அடியில் ஈயக் குண்டு தொங்கவிட்டார். இன்றைய பந்தயப் படகுகளின் அடிப்பாகத்தைப் பார்த்தால் அதன் பேரப்பிள்ளைகள் என்று தெரியும்.

கோப்பைக்காக மட்டும் ஒரு படகு

அமெரிக்கா கோப்பை என்பது பாய்மரப் பந்தயத்தின் உச்சம். அன்று கோப்பையை வைத்திருந்தது நியூயார்க் யாட் கிளப். பிரிட்டன்காரர்கள் வந்து சவால் விடுவார்கள். 1893 முதல் 1920 வரை அதைக் காப்பாற்றிய படகுகள் ஐந்து: விஜிலன்ட், டிஃபென்டர், கொலம்பியா, ரிலையன்ஸ், ரெசல்யூட். ஐந்துமே நேட் வடிவமைத்தவை. கொலம்பியா இரண்டு முறை ஜெயித்ததால் மொத்தம் ஆறு வெற்றி. விஜிலன்ட்டை 1893-ல் அவரே சுக்கான் பிடித்து ஓட்டினார்.

எதிர்ப்பக்கம் நின்றவர்களில் நமக்குத் தெரிந்த பெயர் ஒன்று உண்டு. தேயிலை லிப்டன். சர் தாமஸ் லிப்டன் 1899 முதல் 1930 வரை ஐந்து தடவை ஷாம்ராக் என்ற பெயரிலேயே ஐந்து படகுகளைக் கொண்டுவந்து, ஐந்து தடவையும் தோற்றார். ஐந்து தடவையும் அவரைத் தோற்கடித்த படகு பிரிஸ்டல் பட்டறையில் கட்டப்பட்டதே. அந்தப் பக்கத்துச் செல்வத்தில் ஒரு பங்கு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1890-ல் லிப்டன் இலங்கையின் அப்புத்தளைப் பக்கம் தோட்டங்களை வாங்கினார். அங்கே கொழுந்து பறித்தவர்கள் மலையகத் தமிழர்கள். அமெரிக்கா கோப்பைப் புத்தகங்களில் அவர்களுக்கு இடம் கிடையாது.

இந்தப் படகுகளை எப்படிக் கட்டினார்கள் என்பதற்கு டிஃபென்டர் ஒரு உதாரணம். 1895-ல் எடையைக் குறைக்க அலுமினியத்தையும் வெண்கலத்தையும் சேர்த்து அதன் உடலை அடித்தார் நேட். உப்புத் தண்ணீரில் இந்த இரண்டு உலோகமும் சேர்ந்தால் அது ஒரு மின்கலம் மாதிரி ஆகிவிடும்; அலுமினியம் அரித்துப்போகும். ஒரு கோடைக்காலம் தாங்கினால் போதும் என்ற கணக்கு. தாங்கியது, ஜெயித்தது. 1901-ல் உடைத்துப் பழைய சாமானாகப் போட்டார்கள்.

உச்சம் என்றால் 1903-ல் வந்த ரிலையன்ஸ்தான். நீர்க்கோடு 90 அடிக்குள். உடலின் மொத்த நீளமோ 143 அடிக்கு மேல். முன்னால் நீட்டிய கம்பின் நுனியிலிருந்து பின்னால் பாயைத் தாங்கும் கம்பின் நுனி வரை அளந்தால் 201 அடி. பாய்ப் பரப்பு 16,160 சதுர அடி. ஒற்றைப் பாய்மரத்தில் ஆறு டென்னிஸ் ஆடுகளத்துக்குக் கொஞ்சம் குறைவான துணி! ஓட்டுவதற்கு 60 பேருக்கு மேல் வேண்டும். கயிறு இழுக்கும் சக்கரங்களைத் தளத்துக்குக் கீழே ஒளித்து வைத்திருந்தார். சுக்கான் உள்ளே காலி. தேவைப்பட்டால் அதில் தண்ணீர் நிரப்பலாம், வெளியேற்றலாம். கேப்டன் சார்லி பார் ஓட்ட, லிப்டனின் மூன்றாவது ஷாம்ராக்கை 3-0 என்று கழுவித் துடைத்தது.

ஆனால் காற்று கொஞ்சம் பலமாக வீசினால் ரிலையன்ஸ் பக்கத்தில் யாரும் நிம்மதியாக இருக்க முடியாது. உள்ளே குடியிருக்க வழி இல்லை. அந்த ஒரு பருவத்துக்குப் பிறகு அது பந்தயத்துக்குப் போகவே இல்லை. 1913-ல் இரும்புக்கடைக்குப் போனது.

திருடன் கையில் சாவி கொடுத்த மாதிரி

விதியின் ஓட்டையில் இத்தனை தூரம் புகுந்து விளையாடியவரிடமே, இந்த ஓட்டையை அடைக்க ஒரு விதி எழுதித் தாருங்கள் என்று நியூயார்க் யாட் கிளப் கேட்டது. வேறு யாரிடம் கேட்பது? ரிலையன்ஸ் உருவாகிக்கொண்டிருந்த அதே காலத்தில் நேட் புதிய விதியையும் எழுதிக்கொண்டிருந்தார். அதற்கு யுனிவர்சல் ரூல் என்று பெயர் வந்தது.

சூத்திரம் பார்க்கப் பயமாக இருக்கும், பொருள் எளிது. படகின் நீளத்தைப் பாய்ப் பரப்பின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். அதைப் படகு வெளியேற்றும் நீரின் அளவின் கனமூலத்தால் வகுக்க வேண்டும். கடைசியில் 0.18-ஆல் பெருக்கினால் மதிப்பெண் வந்துவிடும்.

வகுக்கிற இடத்தில் இருப்பதைப் பாருங்கள். ஒரு படகு எவ்வளவு நீரை வெளியேற்றுகிறதோ, அதுதான் அதன் எடை. பழைய விதியில் எடைக்கு இடமே இல்லை. ஆகவே எல்லாரும் உடலைச் சுரண்டிச் சுரண்டி, தட்டு மாதிரி ஆக்கினார்கள். புதிய விதியிலோ கனமான, ஆழமான உடல் வைத்தால் மதிப்பெண் குறையும், அதாவது சலுகை கிடைக்கும். ஆழமான உடல் இருந்தால் உள்ளே ஆள் நிமிர்ந்து நிற்கலாம். கட்டில் போடலாம், தண்ணீர் ஏற்றலாம். நீளத்தையும் நட்ட நடுவில் அளக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளி அளக்கச் சொன்னார். அப்படி அளந்தால், சாய்ந்தபோது நீரில் படிகிற அந்தத் தட்டையான நீட்டல்களும் கணக்கில் மாட்டிக்கொள்ளும். தன் கைவரிசையைத் தானே பிடித்துக்கொடுத்தார் என்று வைத்துக்கொள்ளலாம்.

1930-களில் புகழ்பெற்ற ஜே வகுப்புப் படகுகளின் பெயரில் இருக்கும் அந்த எழுத்து, இந்த விதி பிரித்த வகுப்புகளில் ஒன்றைக் குறிப்பதுதான்.

ஒரே குளிர்காலம், 18 படகுகள்

விதி எழுதினால் போதாது, அந்த எண்ணத்தில் ஒரு படகு வேண்டுமே. 1904 இலையுதிர் காலத்தில் கிளப் உறுப்பினர்கள் சிலர் பிரிஸ்டலுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். எல்லாம் ஒரே அச்சில் இருக்க வேண்டும். பணம் அதிகம் போட்டவன் வேகமான படகு வாங்கினான் என்ற பேச்சே வரக் கூடாது. பந்தயத்துக்கு நன்றாக ஓட வேண்டும். பந்தயம் முடிந்த சாயங்காலம் அப்படியே அடுத்த ஊருக்குப் பயணமும் போக வேண்டும். இதுதான் நியூயார்க் 30.

நீர்க்கோடு 30 அடி, பெயரே அதிலிருந்துதான். மொத்த நீளம் 43 அடி 6 அங்குலம். அகலம் 9 அடிக்குள். தண்ணீருக்குள் 6 அடிக்கு மேல் இறங்கும். உள்ளே படுக்கைகளோடு கேபின், சமையல் இடம், சம்பளத்துக்கு வரும் மாலுமிக்கு முன்பக்கம் தனி இடம். விலை 4,000 டாலர். ரிலையன்ஸ் மாதிரி கோடீஸ்வரர்கள் கூட்டுச் சேர்ந்து கட்ட வேண்டியதில்லை. வசதியான ஒரு குடும்பம் வாங்கலாம். ஏழைக்கான படகு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், அன்றைக்கு 4,000 டாலர் பெரிய பணம்தான்.

மொத்தம் 18 படகு. 1905 கோடைக்குள் எல்லாமே கைக்கு வந்துவிட வேண்டும். இங்கேதான் பிரிஸ்டல் பட்டறையின் கட்டும் முறை கைகொடுத்தது. வழக்கமாகப் படகு கட்டுபவர்கள் ஏரா எனப்படும் அடிமரத்தைக் கீழே வைத்து, மேல்நோக்கி விலா எலும்புகளை நிறுத்துவார்கள். ஹெரெஷாஃப் பட்டறையில் படகைக் கவிழ்த்துப் போட்டுக் கட்டினார்கள். ஒவ்வொரு விலாவுக்கும் ஒரு மர அச்சு. நீராவியில் வேகவைத்த கட்டையை அந்த அச்சின் மேல் வளைத்துக் கட்ட வேண்டியது. பலகை பதிக்க வேண்டியது. தச்சர் தலைக்கு மேல் கை தூக்கி வேலை செய்ய வேண்டாம், குனிந்து சுத்தியல் அடித்தால் போதும். முடிந்ததும் உடலைத் தூக்கி நிமிர்த்தி, உள்வேலைக்கு அனுப்பிவிட்டு, அதே அச்சில் அடுத்த படகு. 18 படகுக்கும் ஒரே அச்சுத் தொகுதி. அதனால்தான் அவை ஒன்றுக்கொன்று நகல் மாதிரி இருந்தன. வித்தியாசம் ஓட்டுகிறவர் கையில் மட்டும்.

அந்தப் படகுகள் உடனே பிடித்துப்போய்விட்டன. வருஷக்கணக்காக அவற்றுக்கென்று தனிப் பந்தயம் நடந்தது. வேகத்தில் அவை அன்றைய அதிவேகப் படகுகள் அல்ல; ரிலையன்ஸோடு ஒப்பிடவே முடியாது. ஆனால் 18-ம் சமம் என்பதால் போட்டியில் சூடு குறையவில்லை. 1916-ல் அதே எண்ணத்தை இன்னும் பெரிதாக்கி, 59 அடி நீளத்தில் நியூயார்க் 40 கொண்டுவந்தார். பார்க்கக் கொஞ்சம் பருமன், உள்ளே தாராளமான இடம். பலத்த காற்றிலும் பாயைக் குறைக்காமல் ஓடும் பிடிவாதத்துக்குப் பேர்போனது. இந்த வகையைச் சேர்ந்த ருகோசா, 1928-ல் ஆழ்கடல் பந்தயமான பெர்முடா பந்தயத்தில் ஜெயித்தது. கோப்பைக்கென்றே கட்டின ராட்சதங்கள் எதுவும் அந்த மாதிரி ஆழ்கடல் பந்தயத்தில் கால் வைத்திருக்க முடியாது.

சின்னப் படகும் பெரிய நஷ்டமும்

1912-ல் 64 வயதில் தனக்கென்று ஒரு படகு கட்டிக்கொண்டார். பெயர் அலேரியன். 26 அடி. குளிர்காலத்தைப் பெர்முடாவில் கழிக்கும்போது தனியாளாக ஓட்டுவதற்கு. அலட்டல் இல்லாத, ஆனால் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாத வடிவம். இது இப்போது கனெக்டிகட் மாநிலத்தின் மிஸ்டிக் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1980-களில் இதன் சாயலில், கண்ணாடி இழையில் வடிவமைத்த அலேரியன் எக்ஸ்பிரஸ் படகுகள் நூற்றுக்கும் மேல் விற்றன.

1914-ல் பஸர்ட்ஸ் பே கரைக் குடும்பங்கள், பிள்ளைகள் படகோட்டக் கற்றுக்கொள்ள ஒன்று கேட்டன. அந்த விரிகுடாவில் பிற்பகல் காற்று முரடு. நேட் கொடுத்தது 12½ அடி நீர்க்கோடும் சுமார் 16 அடி நீளமும் உள்ள கைக்கடக்கமான படகு. அடியில் கனமான ஈயம்; சாய்ந்தாலும் திரும்ப எழுந்து நிற்கும். மாபெரும் கோப்பைப் படகுகளில் காட்டிய அதே கவனம் இதன் வளைவிலும் இருந்தது. 1943 வரை பட்டறை இதை 350-க்கும் மேல் கட்டியது.

அடுத்த வருஷம், 1915-ல், ஜான் இறந்தார். நேட்டுக்கு அது சகோதரனை இழந்தது மட்டும் இல்லை, கம்பெனியின் மூளையில் பாதி போனது மாதிரி. வாடிக்கையாளரோடு பேசத் தெரியாது, கணக்கு வழக்கில் பற்று கிடையாது. இரண்டே வருஷத்தில், 1917-ல், கம்பெனி வெளியார் கூட்டணி ஒன்றின் கைக்குப் போனது. 1924-ல் ஏலம். ஹாஃபென்ரெஃபர் குடும்பம் வாங்கிப் பட்டறையை மேலும் 20 வருஷம் ஓட்டியது. தான் கட்டின கொட்டகைகளை மற்றவர் நடத்துவதை அதே ஊரில் இருந்தபடியே பார்த்தார் நேட். ரெசல்யூட் 1920-ல், 0-2 என்று பின்தங்கி, பிறகு மூன்று பந்தயத்தைத் தொடர்ந்து ஜெயித்துக் கோப்பையைக் காப்பாற்றியபோது அவருக்கு 72 வயது. அந்தப் படகு அவருடைய யுனிவர்சல் ரூலின்படியே கட்டப்பட்டது.

வயதான பிறகும் கை சும்மா இருக்கவில்லை. மரப் படகின் ஒவ்வொரு உறுப்பும் இன்ன கனம் இருக்க வேண்டும் என்று அவர் வகுத்த கட்டுமான விதிகளை 1920-களின் இறுதியில் நியூயார்க் யாட் கிளப் ஏற்றுக்கொண்டது. டிஃபென்டரை ஒரு கோடைக்காலத்துக்கென்று கட்டியவர், படகு பல வருஷம் உழைக்க வேண்டும் என்பதற்காக எழுதிய விதி அது.

மகன்களில் பிரான்சிஸ், அப்பாவின் வழியில் வடிவமைப்பாளர் ஆனார். ஆனால் அப்பாவின் பந்தய வெறி அவருக்குக் கிடையாது. பயணப் படகுதான் பிடிக்கும். 1936-ல் அவர் 72 அடியில் வரைந்த ஒரு பயணப் படகு, பின்னாளில் டிகாண்டெரோகா என்ற பெயரில் 30-க்கும் மேற்பட்ட பந்தய சாதனைகளைப் படைத்தது. அப்பா பந்தயப் படகுக்குள் கட்டில் போட்டார் என்றால், மகன் கட்டில் போட்ட படகைப் பந்தயத்தில் ஜெயிக்க வைத்தார்.

கேப்டன் நேட் 1938 ஜூன் 2-ல் பிரிஸ்டலில் இறந்தார். வயது 90. செதுக்கிய பாதி மாதிரிகள் அவர் வீட்டில் சுவர் முழுக்கத் தொங்கின. வரைபடங்களை அடுத்தவர் பார்க்க விடாத மனிதர் அவர்; இன்றைக்கு அவற்றில் பெரும்பகுதி அவர் படித்த மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் சேகரிப்பில் இருக்கிறது, ஆய்வாளர் யாரும் பார்க்கலாம். பட்டறை இருந்த இடத்துப் பக்கத்திலேயே 1971-ல் ஹெரெஷாஃப் கடல்சார் அருங்காட்சியகம் தொடங்கப்பட்டது. 12 வயதில் அவர் கைபட்ட ஸ்பிரைட்டை அங்கே பார்க்கலாம். ரிலையன்ஸும் அங்கே உண்டு, ஆறில் ஒரு பங்கு அளவில் தன்னார்வலர்கள் கட்டிய மாதிரியாக. அந்த மாதிரியே ஒரு பெரிய கூடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. நியூயார்க் 30 வரிசையின் முதல் படகான அலேராவைப் பார்க்க அருங்காட்சியகத்துக்குப் போகத் தேவையில்லை. 1905-ல் கட்டிய அந்தப் படகைப் பழுதுபார்த்து, நூறு வயது தாண்டிய பிறகும் பந்தயத்துக்கு இறக்கியிருக்கிறார்கள்.